கிழிக்க வேண்டா, திருத்தி எழுதுங்கள்

பிறர் பிழையை எழுதுதற்கே நம் தாளிகைக்குப் பக்கம் போதவில்லை. ஆசிரியன் ஒருவன் தன் பிழையைத் தானே எழுத வருவது இங்குப் பெரிதும் வழக்கமன்று. ஆயினும், ஒரு தந்தையார் என் வகுப்பறைப் பாடம் ஒன்றைக் குறித்து என்னிடம் வந்து வினவிய நிகழ்ச்சியைச் சொல்லாமல், பாடநூல்களைப் பற்றி நான் சொல்ல விரும்புவதைச் சொல்ல இயலாது. ஆகவே என்னிலிருந்தே தொடங்குகின்றேன்.

தேவாரத்தில் எந்தத் தெருவில் நின்று மேற்கே நோக்கினாலும் மலை தெரியும். எங்கள் மாணவர்களுள் பாதிப்பேரின் பெற்றோர் அம்மலைமேல் ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்வோர். விடியுமுன் வண்டியேறிப் போடிமெட்டு வழியாகச் செல்வோரும் உளர். சாக்கலூத்து மெட்டு வழியே நடந்தே ஏறியவர்களின் மக்களும் பெயரர்களும் உளர். இவ்வூர்ப் பள்ளியில்தான் நான் ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்குப் பதினான்கு ஆண்டுகளாக 'மலைவாழ் மக்கள்' என்னும் கட்டுரையைச் சொல்லச் சொல்ல எழுத வைத்தேன். அக்கட்டுரை என்னுடையதன்று. நான் கல்லூரியை விட்டு வந்த காலத்தில் மூத்த ஆசிரியர் ஒருவரின் குறிப்பேட்டிலிருந்து படியெடுத்தது. அவர் எங்கிருந்து எடுத்தாரோ, அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ! மலைவாழ் மக்கள் காடுகளில் அலைந்து திரிவர் என்றும், கிழங்கும் தேனும் உண்டு காலங்கழிப்பர் என்றும், நாகரிகம் அறியாதவர் என்றும், கல்வியின் பயனை உணராத அவர்களை அரசு திருத்த முயல்கின்றது என்றும் அதில் இருந்தது. ஒற்றுப்பிழை இல்லை; சந்திப்பிழை இல்லை. எனவே அதில் பிழையே இல்லை என்று நானும் இருந்துவிட்டேன்.

காய் எடுப்பு ஓய்ந்திருந்த ஒரு மழை நாளில், பளியர் குடியைச் சேர்ந்த ஒருவர் பள்ளிக்கு வந்தார். அவர் மகள் என் வகுப்பில் படித்தாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, ஆசிரியர் அறையின் வாயிலுக்கு வெளியே நின்றார். கையில் நெகிழிப் பையில் சுற்றிய குறிப்பேடு. உள்ளே வருக என்று நான் சொல்லவில்லை, இருக்கையும் காட்டவில்லை. இதனை மறைத்தால் மற்றவற்றை எழுதுவதில் பொருளில்லை.

அவர் பேசியது மலையடிவாரத்துப் பேச்சில். நான் அதனை ஏட்டு நடையில் தருகின்றேன். அவர் பேச்சில் இருந்த தணிவு இதில் வந்து சேருமா என்பது ஐயமே. "ஐயா, பிள்ளை இதை எனக்குப் படித்துக் காட்டினாள். இதனை எழுதியவர் எங்கள் ஊருக்கு எப்போதேனும் வந்திருக்கின்றாரா?" என்று கேட்டார். நான், "இது பொதுவாக எல்லாப் பள்ளிகளிலும் எழுத வைப்பது. தேர்வில் வரும். எழுதினால் மதிப்பெண் கிடைக்கும்" என்றேன். "மதிப்பெண் வேண்டுந்தான் ஐயா. ஆனால், தன் தகப்பனுக்கு நாகரிகம் தெரியாது என்று எழுதித்தானே அவள் அதை வாங்க வேண்டியிருக்கின்றது?" என்றார். குரலை உயர்த்தவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் குறிப்பேட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

இதற்குள் தலைமையாசிரியர் வந்துவிட்டார். அவர் நல்லவர், ஆனால் எந்தப் பூசலும் எழாமல் பார்த்துக்கொள்வதே நிருவாகம் என்று எண்ணுபவர். நிகழ்ந்ததைக் கேட்டவுடன், "அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடச் சொல்லுங்கள். இனி அந்தக் கட்டுரையே வேண்டா. முடிந்தது" என்றார். அவர் அளவில் அஃது ஒரு பெரிய விட்டுக்கொடுப்பு. அந்தத் தந்தையாரோ சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "கிழிக்க வேண்டா ஐயா. கிழித்துவிட்டால் மற்றப் பிள்ளைகளுக்கு எங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் போகுமே. திருத்தி எழுதுங்கள்" என்றார்.

அந்தத் திங்களில் நான் அதே வகுப்பில் குறிஞ்சித் திணையை விளக்கிக்கொண்டிருந்தேன். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் சிறப்பை அறிவித்தற்பொருட்டுக் கபிலர் குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்பதையும், அதில் தொண்ணூற்றொன்பது மலர்களை எண்ணிக் காட்டினார் என்பதையும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தேன். தேனும் தினையும் கிழங்கும் பாட்டில் வந்தால் தமிழர் பெருமை. அதே தேனையும் கிழங்கையும் இன்று எடுப்பவர் நாகரிகம் அறியாதவர்! காலையில் ஒரு பாடம். மாலையில் ஒரு பாடம். இரண்டையும் ஒரே வாயால் நடத்தியவன் நான். அம்மலர்களில் நான் கண்ணால் கண்டவை பத்துக்கும் குறைவு. வாயிலில் நின்றவர்க்கு எத்தனை தெரிந்திருக்கும் என்று கேட்கவேண்டும் என்னும் எண்ணமே எனக்கு வந்ததில்லை.

அன்றிரவு, மலேசியாவில் வாழும் என் உறவினர் ஒருவர் முன்னர் விடுத்திருந்த செய்தித்தாள் நறுக்குகளை எடுத்துப் பார்த்தேன். அவர் முன்னோரும் இம்மதுரைச் சீமையிலிருந்து கங்காணியின் பின்னே கப்பலேறியவர்களே. மேற்கே மலையேறிய நம்மவர்க்கும், கிழக்கே கடல்கடந்த நம்மவர்க்கும் கங்காணி என்னும் சொல் பொது. அந்நறுக்குகள் 'இண்டர்லோக்' என்னும் மலாய்ப் புதினத்தைப் பற்றியன. எம் பள்ளி வாயிலில் நிகழ்ந்தது அங்கு ஒரு நாட்டளவில் நிகழ்ந்திருந்தது.

அப்புதினத்தை எழுதியவர் அப்துல்லா உசேன். நூலாக வெளிவந்த ஆண்டு 1971. மலாய்க் குடும்பம் ஒன்று, சீனக் குடும்பம் ஒன்று, மணியம் என்னும் தமிழ்ப் பெயர் தாங்கியவனின் குடும்பம் ஒன்று. இம்மூன்றும் தனித்தனியே தொடங்கி இறுதியில் ஒன்றோடொன்று பிணைவதாகக் கதை. மூவினமும் ஒன்றி வாழவேண்டும் என்பதே ஆசிரியர் கருத்து. 1996இல் அந்நாட்டின் இலக்கியவாணர் என்னும் உயர்சிறப்பும் அவர்க்கு வழங்கப்பெற்றது. ஆகவே, அவரைத் தமிழர்ப் பகைவர் என்று கூறுதல் முறையன்று. நாற்பதாண்டுக் காலம் அந்நூல் நூலகங்களில் அமைதியாகவே கிடந்தது. 2011ஆம் கல்வியாண்டில் சிலாங்கூர், கோலாலம்பூர், புத்திராசெயா, நெகிரி செம்பிலான் ஆகிய பகுதிகளில் ஐந்தாம் படிவ மாணவர்க்கு அதனைக் கட்டாய இலக்கியப் பாடமாக்கினர். அப்போதுதான் பெற்றோர் அதனைப் பிரித்துப் படித்தனர்.

கப்பலில் வந்த இந்தியர் அனைவரும் 'பாரியா' என்னும் ஒரே சாதியார் என்றும், எனவே ஒருவர்மேல் ஒருவர் தீட்டுப்படும் என்னும் அச்சமின்றிக் கலந்து பழகினர் என்றும் பொருள்படும் வரிகள் அதில் இருந்தன. பதினேழு அகவைப் பிள்ளை ஒன்று, மூவினத்துப் பிள்ளைகளும் அமர்ந்திருக்கும் வகுப்பில் இவ்வரிகளை உரக்கப் படிக்கவேண்டும். பின்னர்த் தேர்வில் அதைப் பற்றி விடையும் எழுதவேண்டும். பெற்றோர் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்!

இனி, அவ்வரிகளில் உள்ள பிழை எது? சொல்லா, செய்தியா? இரண்டையும் பிரித்துப் பார்த்தல் வேண்டும். அங்கு நடந்த ஆரவாரத்தில் பலர் அதனைச் செய்யவில்லை என்பது என் கருத்து.

செய்தி பிழை என்பதில் ஐயமில்லை. தமிழகத்தினின்று தோட்டவேலைக்குச் சென்றோர் ஒரு குடியினர் அல்லர். பறையர், பள்ளர் மட்டுமன்றி, வன்னியர், கள்ளர், வெள்ளாளர் முதலிய பல பிரிவினரும் சென்றனர். வறுமைக்குச் சாதி தெரியாது. ஆனால் கப்பலேறியோர் சாதியை மறந்தும் வைக்கவில்லை. அதனையும் மூட்டை கட்டிக்கொண்டே சென்றனர். 1938இல் இந்திய அரசு கூலியாள் ஏற்றுமதியைத் தடுத்து நிறுத்தும் வரையில் சென்றவர்களின் வரலாறு விரிவாக எழுதப்பட்டிருக்கின்றது. அதனைப் புரட்டிப் பார்த்திருந்தால், எல்லாரும் ஒரே சாதி என்று எந்த ஆசிரியரும் எழுதியிருக்க மாட்டார்.

சொல்லின் நிலை வேறு. பறை என்னும் இசைக்கருவியின் பெயரோடு பிறந்த தூய தமிழ்ச்சொல் அது. புறநானூற்று 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் சிறந்த குடிகள் நான்கனுள் ஒன்றாக அதனை எண்ணுகின்றார். அங்கே இழிவின் நிழலும் இல்லை. அச்சொல்லை மேலைநாட்டார் எடுத்துச் சென்று, தம் நாவில் திரித்து, ஒதுக்கப்பட்டவன், தெருநாய் என்றெல்லாம் பொருளேற்றினர். நம் நாட்டில் சாதிவெறியர் ஏற்றிய நஞ்சோடு அந்த நஞ்சும் சேர்ந்து, கப்பலேறி, மலாய்மொழிக்குள்ளும் புகுந்தது. தமிழ்ச்சொல் ஒன்று உலகைச் சுற்றி வசைச்சொல்லாகித் தமிழன் பிள்ளையின் பாடநூலுக்கே திரும்பி வந்ததை என்னென்பது!

அச்சொல்லை என்ன செய்வது என்று அதற்குரியோரே நூறாண்டுக்கு மேலாக எண்ணியிருக்கின்றனர். இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் தாம் தொடங்கிய தாளிகைக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். எதைச் சொல்லி இழித்தனரோ அதையே முகப்பில் பொறித்தார். எம்.சி. இராசா 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில், அப்பெயரை அரசு ஆவணங்களினின்று நீக்கி ஆதிதிராவிடர் என்று வழங்கவேண்டும் என்று தீர்மானம் கொணர்ந்தார். ஒருவர் தாங்கினார், ஒருவர் நீக்கினார். இருவரும் மானத்தின் பொருட்டே செய்தனர். இவ்விருவரையும் பற்றி ஒரு பக்கம் அந்தப் பாடத்தோடு சேர்த்திருந்தால், மூவினத்துப் பிள்ளைகளும் எத்துணை அறிந்திருப்பர்!

ஆனால் மலேசியாவில் நடந்தது வேறு. பெற்றோரும் அமைப்புகளும் முதலில் விண்ணப்பித்தனர். விடை வரவில்லை; வந்த விடையும், 'இது பெரிய எழுத்தாளர் நூல், உங்களுக்கு இலக்கியம் விளங்கவில்லை' என்னும் போக்கில் இருந்தது. 2011 சனவரியில், கல்வி அமைச்சராகவும் இருந்த துணைத் தலைமையமைச்சர் முகிதின் யாசின், நூல் நீடிக்கும், சில பகுதிகள் திருத்தப்படும் என்றார். குழு ஒன்று அமைக்கப்பட்டது. குழுவிற்குள்ளேயே கருத்து வேறுபாடு. பிப்பிரவரி இறுதியில் தெருவில் ஊர்வலம், பலர் தளையிடப்பட்டனர். ஓராண்டு முழுவதும் இழுபறி. இறுதியில், 2011 திசம்பரில் நூலையே விலக்கிக்கொண்டனர். அதனிடத்தில் அதே ஆசிரியரின் வேறொரு புதினத்தை வைத்தனர்.

வெற்றி என்று பலர் மகிழ்ந்தனர். என் உறவினரும் அப்படித்தான் எழுதியிருந்தார். எனக்கோ, அஃது எங்கள் தலைமையாசிரியர் சொன்ன விடையாகவே தோன்றுகின்றது: பக்கத்தைக் கிழித்துவிடு, முடிந்தது. கப்பலேறியோர் யார், எவ்வாறு வாழ்ந்தனர், அச்சொல் எப்படி வசையாயிற்று என்பவற்றை எந்த மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் தெரிந்துகொள்ளவில்லை. தமிழ்ப் பிள்ளையும் தெரிந்துகொள்ளவில்லை. இன்னொன்றும் சொல்வேன், சிலர்க்குக் கசக்கும். எதிர்த்தவர்களுள் சிலர் நெஞ்சில் இருந்தது, 'எவரையும் இழிவாக எழுதாதே' என்பதா, அன்றி, 'எங்களை அவர்களோடு சேர்க்காதே' என்பதா? இரண்டாவதாயின், நூலில் இருந்த நஞ்சைக் காட்டிலும் நெஞ்சில் இருந்த நஞ்சு கொடிது.

இவ்வகைக் கிழிப்பு அயல்நாட்டில் மட்டும் நடப்பதன்று. என்.சி.இ.ஆர்.டி. எனப்படும் நடுவண் நிறுவனத்தின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில், உடையின் வரலாறு பற்றிய பாடத்தில் தென்திருவிதாங்கூர் நாடார் பெண்டிரின் தோள்சீலைப் போராட்டம் இடம்பெற்றிருந்தது. 1822இல் தொடங்கி, மார்பை மறைக்கும் உரிமைக்காக அப்பெண்டிர் அடிபட்டு, உதைபட்டுப் போராடியதன் பின்னரே 1859இல் அரசாணை பிறந்தது. அப்பாடத்தில், நாடார்கள் அப்பகுதிக்கு வெளியிலிருந்து பிழைக்க வந்தவர் என்பதுபோல் எழுதியிருந்தனர். அவர்கள் அம்மண்ணின் மக்கள் என்று 2012இல் தமிழகத்தில் பலர் எதிர்த்தனர், எதிர்த்தது முறையே. நடந்தது என்ன? வந்தேறிகள் என்னும் வரியைத் திருத்துவதற்கு மாறாக, அப்பகுதியையே தேர்வுக்கு வேண்டா என்று 2016இல் நடுவண் கல்வி வாரியம் ஒதுக்கிற்று. 2019இல் சுமை குறைப்பு என்னும் பெயரில் பாடமே நூலைவிட்டு நீங்கியது. பிழையோடு அப்பெண்டிரின் வீரமும் போயிற்று. வடநாட்டுப் பிள்ளைக்கு அப்படியொரு போராட்டம் நடந்ததென்று சொல்ல இன்று அந்நூலில் ஒரு வரியும் இல்லை.

நம் மாநிலத்திலும் 2011இல் சமச்சீர்க் கல்விப் பாடநூல்களின் சில பக்கங்கள்மேல் தாள் ஒட்டி மறைத்த கூத்தை ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டோம். ஒட்டியவர்கள் நாங்களே. மறுநாள் மாணவர் ஈரத்துணியால் தடவி உரித்து, அந்தப் பக்கங்களைத்தாம் முதலில் படித்தனர். மறைத்ததனால் அப்பக்கங்களுக்குக் கிடைத்த படிப்போர் தொகை வேறு எப்பாடத்திற்கும் கிடைத்ததில்லை!

'ஒவ்வொரு பெற்றோரும் ஒவ்வொரு வரியைக் காட்டித் திருத்துக என்றால் பள்ளி நடக்குமா?' என்று என் உடனாசிரியர் ஒருவர் கேட்டார். முறையான வினாவே. வேறு வகைத் தந்தை ஒருவரும் என்னிடம் வந்ததுண்டு. தீண்டாமைக் கொடுமையைப் பற்றிய பாடம் தம் சாதியாரைக் குற்றவாளியாக்குகின்றது என்றும், அதனை நடத்தலாகாது என்றும் உரத்த குரலில் கூறினார். உடன் நால்வரை அழைத்தும் வந்தார். அவர்க்கு இருக்கை தந்தோம் என்பதை இங்குச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பளியர்க்கும் அவர்க்கும் வேறுபாடு குரலில் மட்டுமா? இல்லை. குரல் தணிந்தவர் சொல்வதெல்லாம் மெய்யுமன்று; குரல் உயர்ந்தவர் சொல்வதெல்லாம் பொய்யுமன்று. பாடத்தில் இருப்பது உண்மையா என்பதே இருவர்க்கும் பொதுவான அளவுகோல். பளியர் நாகரிகம் அறியாதவர் என்பதற்கு என்னிடம் சான்று கேட்டால், ஒரு பழங்குறிப்பேடு தவிர ஒன்றும் இல்லை. தீண்டாமை நிலவியதற்குச் சான்று கேட்டால், தெருவுக்குத் தெரு காட்டுவேன். முன்னது திருத்தப்பட வேண்டியது. பின்னது நடத்தப்பட வேண்டியது. இரண்டு தந்தையர்க்கும் இருக்கை தந்து, இரண்டு விடையையும் சான்றோடு சொல்லுவது பள்ளியின் கடன். கிழித்தெறிதல் இவ்விரண்டு கடனினின்றும் தப்பிக்கும் வழி.

இதற்கு ஓர் அமைப்பு வேண்டாவா என்றால், பெயரளவில் இருக்கின்றது. 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். குழுவில் பாதிப்பேர் பெண்டிர். நல்ல ஏற்பாடு. ஆனால் அக்குழுவின் வேலை பள்ளி நடப்பதைக் கண்காணித்தல், வளர்ச்சித் திட்டம் வகுத்தல், பணம் செலவான முறையைப் பார்த்தல் என்று நின்றுவிடுகின்றது. சுற்றுச்சுவர் இடிந்தால் பெற்றோர் கேட்கலாம். பாடம் இடிந்தால் யாரிடம் கேட்பது? கூட்டத்திற்கு ஒருமுறையேனும் ஒரு பாடத்தைப் பெற்றோர் முன் உரக்கப் படித்துக் காட்டவேண்டும் என்று நான் எங்கள் பள்ளியில் சொல்லிப் பார்த்தேன். தேநீர் வந்துவிட்டது, பேச்சு மாறிவிட்டது. மலேசியாவில் 2019இல் தமிழ், சீனப் பள்ளிகளின் நான்காம் ஆண்டு மலாய்ப் பாடநூலில் சாவி எழுத்தைப் புகுத்த முனைந்தபோது, பெற்றோரும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் இசைந்தால் மட்டுமே நடத்தலாம் என்று அமைச்சரவை முடிவு செய்தது. இண்டர்லோக்கில் கேளாத செவி எட்டாண்டு கழித்துச் சற்றே திறந்தது என்று கொள்ளலாம்.

அந்தத் தந்தையாரை மறு கிழமையும் வரச் சொன்னேன். வந்தார். இம்முறை உள்ளே அமர்ந்தார். நான் புதிதாக எழுதிய கட்டுரையைப் படித்துக் காட்டினேன். பளியர் பழனிமலை, வருசநாட்டு மலைப் பகுதிகளில் தொன்றுதொட்டு வாழ்பவர். பாறை முகடுகளில் கொடிவழி இறங்கித் தேன் எடுப்பதில் வல்லவர். எந்தக் கிழங்கை எந்தப் பருவத்தில் எவ்வளவு தோண்டவேண்டும் என்று அறிந்தவர். 2006ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டம் அவர்கள் உரிமையை ஏற்றிருக்கின்றது. இன்று பலர் ஏலத்தோட்டக் கூலிகளாக உள்ளனர் என்றெல்லாம் எழுதியிருந்தேன். அவர் தலையசைத்துக்கொண்டே வந்தார். முடிவில், புலவன் அல்லனோ, 'காடே அவர்கள் வீடு' என்று ஓர் அழகிய தொடரைச் சேர்த்திருந்தேன்.

"அதை மட்டும் எடுத்துவிடுங்கள் ஐயா," என்றார். "வீட்டுக்கு இடம் கேட்டு மனுக் கொடுத்துவிட்டு நடந்துகொண்டிருக்கின்றோம். காடே வீடு என்று பள்ளிக்கூடத்துப் பாடத்தில் இருந்தால், அலுவலர் அதையே காட்டிவிடுவார்."

அத்தொடரை அடித்துவிட்டு, அவர் முன்பாகவே, 'அவர்கள் வீட்டுமனை கேட்டு விண்ணப்பித்துள்ளனர்' என்று எழுதினேன். கட்டுரைக்கு அது நயம் சேர்க்கவில்லை. அடுத்த நாள் ஒன்பதாம் வகுப்பு மாணவர் நாற்பத்திருவரும் அவ்வரியைத் தம் ஏட்டில் எழுதிக்கொண்டனர். பழைய பக்கத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. எதிர்ப்பக்கத்தில் புதியதை எழுதச் சொன்னேன்.